ஆறின இஞ்சின்

எங்கள் பக்கத்தில் பழைய டிராக்டர் விற்பதென்றால் விடிகிற நேரத்தில்தான் விற்க வேண்டும். அதுவும் டிசம்பர், ஜனவரியில். வாங்குகிறவன் மத்தியானம் வரமாட்டான். வெயில் ஏறிவிட்டால் எந்தக் கிழட்டு இஞ்சினும் ஸ்டார்ட் ஆகிவிடும், அதைப் பார்த்து யாரும் ஏமாறத் தயாரில்லை. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த வண்டி காலையில் எப்படி எழும்புகிறது என்பதுதான் பேச்சு. வந்தவன் வணக்கமாக ஒரு ராம் ராம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பான். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு பேசுவான். வெதுவெதுப்பாக இருந்தால், தான் வருவதற்குள் யாரோ சூடாக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு வந்த வழியே போய்விடுவான்.

இது என் கணவர் ஜேசுராஜுக்குத் தெரியாத விஷயமா? ராணுவ வொர்க்‌ஷாப்பில் லாரியும் ஜீப்புமாக வாழ்ந்து ஓய்வு பெற்ற மனுஷர். எங்கள் டிராக்டரை, இந்தச் சனியனை, அவர் வாங்கினதே அப்படிக் கைவைத்துப் பார்த்துத்தான். தளேகாவ் தாண்டி மலையடிவாரத்தில் நிலம் வாங்கின கையோடு, ஒரு விடியற்காலையில் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு பண்ணைக்குப் போனார். "தொட்டுப் பாரு ஜெரா, ஐஸ்கட்டியா இருக்குல்லா" என்று என் கையைப் பிடித்து இஞ்சின் மேல் வைத்தார். கல்யாணத்தன்று மோதிரம் போட்டபோதுகூட அந்த மனுஷர் என் கையை அவ்வளவு ஆசையாகப் பிடிக்கவில்லை.

வண்டி என் பேரில்தான் இருக்கிறது. நான் நகரத்தில் கேம்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கியது. என் பணத்தில் நான் எனக்கே குழி வெட்டிக்கொண்டேன், வேறு என்ன சொல்ல?

எங்கள் மகன் ஆஸ்டினைவிட மூத்த வண்டி அது. மே மாதத்தில் சாவியைத் தொட்டாலே கிளம்பிவிடும். நவம்பர் பிறந்துவிட்டால் போதும், இல்லாத நோவெல்லாம் வந்துவிடும். இங்கே தண்ணீர் ஒன்றும் உறைந்துபோகாதுதான். ஆனால் மலையிலிருந்து இறங்குகிற குளிர் கதவிடுக்கில் புகுந்து எலும்பைப் பிடிக்கும். ஆயில் கெட்டிப்பட்டுவிடும், பேட்டரி முனகும். உடனே இவர் அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி ரேடியேட்டரில் ஊற்றுவார். ஹீட்டர் சாவியை இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வார். கிளட்சை அடிவரை மிதித்து, கை ஆக்சிலேட்டரைப் பாதி இறக்கி, "எந்திரி ராசாத்தி, எந்திரி" என்று கொஞ்சுவார். சமையலறை ஜன்னல் வழியே இந்தக் கொஞ்சலை நான் தினமும் கேட்க வேண்டும். எனக்கு வீசிங். குளிர் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். "ஜெரா, உனக்கு ஒரு சொம்பு வெந்நீர் வைக்கட்டா" என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருப்பாரா? வாயைத் திறந்ததில்லை.

நான் அதே நகரத்தில் கோர்படியில் பிறந்து வளர்ந்தவள். ரயில்வே காலனிப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் நாலு பேர் "டீச்சர்" என்று நின்று பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை, புதன்கிழமை மாதர் சங்கம், நடுவில் ஒருத்தி வீட்டில் குழம்பு, இன்னொருத்தி வீட்டில் வம்பு. இங்கே பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்? பால்காரியிடம் எனக்குத் தெரிந்த மராத்தி அவ்வளவையும் ஐந்து நிமிஷத்தில் பேசித் தீர்த்துவிடுவேன். மீதி நாள் முழுக்க நானும் சுவரும்தான். வாய் இருப்பதே மறந்துவிடுமோ என்று பயந்து, சில சமயம் பாத்திரம் துலக்கும்போது பழைய வருகைப் பதிவேட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன நவம்பரில் என் தங்கை, பெட்டி என்று பேர், போன் செய்தாள். கோர்படியில் அவள் வீட்டுக் கீழ்ப் போர்ஷன் காலியாகப் போகிறதாம். "அக்கா, உனக்குத்தான் முதல்ல கேக்குறேன். ஜனவரி முடியற வரைக்கும்தான் நிறுத்தி வைப்பேன். அதுக்கு மேல என் வீட்டுக்காரர் வேற ஆளுக்குக் குடுத்துருவார்" என்றாள். அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், மனுஷர்கள் நடுவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுச் சாகவேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் இங்கே வந்திருந்தார்கள். ஆஸ்டின் விமான் நகரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தான். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டி பேச்சை எடுத்தாள். இவர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "வரக்கூடாதுன்னு எனக்கென்ன. டிராக்டர் நிக்கையில எப்படி வர? அத விட்டுட்டு வந்தா ஒரு நட்டு மிஞ்சாது. அது வித்துப்போச்சுன்னா மறுநாளே கோர்படிக்கு வாரேன்" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆஸ்டின் கேட்டான், பெட்டி கேட்டாள், கர்த்தரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? மளிகைக்கடைக்காரரிடம் சொன்னேன், மாவு மில்லில் சொன்னேன், பால்காரியிடமும் சொன்னேன். பதினைந்து நாளைக்குள் ஒரு ஆள் கிடைத்தார். நிவ்ருத்திராவ் என்று பேர், தளேகாவ் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். போனிலேயே விலை பேசி முடித்துவிட்டோம். "வெள்ளிக்கிழமை விடியக்காலை வர்றேன் தாயி, வண்டியை யாரும் தொடக்கூடாது" என்றார். தாயி என்றால் இங்கே அக்கா.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இவரிடம் தெளிவாகச் சொன்னேன். "நாளைக்கு நீங்க வண்டி பக்கமே போகாதீங்க. வெந்நீர் கிந்நீர் ஒண்ணும் வேண்டாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"சரி" என்றார்.

"ஸ்டார்ட் ஆகாம போயிருமோ?"

"அது ஆவும். கொஞ்சம் பொறுமையா ஹீட்டர் போட்டா ஆவும்" என்றார். நல்ல பிள்ளை மாதிரி ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது. நிவ்ருத்திராவ் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தலையைச் சுற்றி மப்ளர், கையில் ஒரு டீசல் கேன். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்திருக்கிறார். ஓட்டிக்கொண்டு போகிற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இந்நேரம் பெட்டிக்குப் போன் போட்டால் எழுந்திருப்பாளா என்றுகூட யோசித்தேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக டிராக்டரிடம் போனார். கையுறையைக் கழற்றி இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். வேறொரு இடத்தில் வைத்தார்.

"கரம் ஆஹே" என்றார். சூடாக இருக்கிறது.

"இருக்காதுங்க" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஓடிப் போய் நானும் தொட்டேன். குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. ரேடியேட்டருக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கொல்லைப்புறப் படியில் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. இவர் அதன் பக்கத்தில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணியிருக்கீங்க?"

"பழக்கத்துல ஊத்திட்டேன்" என்றார் நுரையோடு.

பழக்கமாம்! ராணுவத்தில் பூட்ஸ் லேஸைக்கூட உத்தரவு கேட்டுக் கட்டின ஆளுக்கு, முந்தின நாள் சொன்னது மறந்துவிட்டதாம். என் முகத்தைப் பார்க்காமல் வாய் கொப்பளித்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் கெடுத்தால் மாட்டிக்கொள்வார். நன்றாக ஸ்டார்ட் ஆகும்படி செய்து கெடுத்திருக்கிறார். யார் கேட்டாலும் உதவி என்று சொல்லலாம். என்ன மூளை, என்ன மூளை!

நிவ்ருத்திராவ் டீசல் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். நெஞ்சு அடைத்தது. "பாவ், நில்லுங்க, ஒரு நிமிஷம்" என்று அண்ணன் முறை வைத்து இந்தியிலும் மராத்தியிலும் கலந்து கத்தினேன். அவர் நின்றார். பொய் சொல்ல எனக்கு நேரமில்லை. "இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு என் வீட்டுக்காரருக்குத்தான். விக்கக்கூடாதுன்னு வேணும்னே வெந்நீர் ஊத்தியிருக்கார்" என்றேன்.

அவர் என்னையும் தூரத்தில் நின்ற இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். விற்பதற்காகச் சூடாக்குகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், விற்காமல் இருக்கச் சூடாக்குகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

"நான் ஆற வச்சுத் தர்றேன். டீ குடிச்சிட்டு இருங்க."

"எப்படி ஆறவைப்பீங்க, தாயி?"

எப்படி என்று காட்டினேன். ரேடியேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்துவிட்டேன். வெந்நீர் என் செருப்பெல்லாம் நனைத்துக்கொண்டு ஓடியது. வாசல் டிரம்மில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீர், கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதை மொண்டு மொண்டு மேலே ஊற்றினேன். இவர் ஓடி வந்தார்.

"ஏட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு? பச்சத் தண்ணிய ஊத்துத! பிளாக் வெடிச்சிரும்!"

"வெடிக்கட்டும்."

"ஒனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. நாலு வருஷமா ஜன்னல்ல நின்னு பாத்ததுதான்" என்றேன். நிவ்ருத்திராவ் மட்டும் "ஹளூ ஹளூ" என்றார், மெதுவாக மெதுவாக என்று. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வெளியே விட்டேன், மறுபடி ஊற்றினேன். என் கை சிவந்து எரிந்தது. நெஞ்சு விசில் அடித்தது எனக்கே கேட்டது. இவர் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து" என்று முனகிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து இல்லை, வண்டியைப் பார்த்து.

நிவ்ருத்திராவ் இரண்டு டீ குடித்து முடித்தார். எழுந்து வந்து கையை வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார். "தண்ட்" என்றார். குளிர்ந்துவிட்டது. "இப்போ ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் பண்ண மாட்டேன்" என்றார். "நீதான எல்லாம் பண்ணுத. நீயே பண்ணு."

அந்த மாதிரி நேரத்தில் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சீட்டு இரும்பு பனிக்கட்டியாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினேன், வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது, அதுவும் நின்றது. பேட்டரி இறங்குகிற சத்தம் எனக்கே தெரிந்தது.

"எறங்கு ஜெரா" என்றார் இவர் தமிழில், வந்தவருக்குப் புரியக்கூடாது என்று. "ஒனக்கு அது எழும்பாது. மானத்த வாங்காத."

"நீங்க வாய மூடுங்க."

அவசரப்பட்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஹீட்டரைச் சரியாகப் போடவில்லை. சாவியை இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. கட்டை விரல் வலித்தது, பிடித்துக்கொண்டே இருந்தேன். கிளட்சை இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தேன், எனக்கு ஒரு கால் பலம் போதாது. கை ஆக்சிலேட்டரைப் பாதி இறக்கினேன். கொஞ்சவெல்லாம் இல்லை. "எந்திரிடி, மூதேவி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வலது பக்கம் திருப்பினேன்.

தடக் என்றது. இன்னொரு தடக். அப்புறம் மொத்த வண்டியும் குலுங்கி, கறுப்பும் வெள்ளையுமாகப் புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. மாமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! ஆஸ்டின் பிறந்து முதலில் அழுதபோதுதான் அப்படி ஒரு சத்தத்துக்கு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நிவ்ருத்திராவ் காதைச் சாய்த்துக் கேட்டார். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகைக்குழாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வண்டி எனக்கு" என்றார். பேசின பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கொண்டு வந்த டீசலை ஊற்றப் போனார்.

நான் இறங்கினேன். இவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் சண்டை போடப் போகவில்லை, சத்தியமாக. ஜெயித்த நேரத்தில் யாராவது சண்டை போடுவார்களா? "சரி, முடிஞ்சது விடுங்க. பெட்டிட்ட சொல்லிரட்டா? நாளைக்குச் சாமான் கட்ட ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அங்க இருக்கலாம்" என்றேன்.

"நீ போ" என்றார்.

"என்னது?"

"நீ போன்னு சொல்லுதேன். நான் வரல."

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னீங்களே!"

"அது போவாதுன்னு நெனச்சுச் சொன்னேன்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! உப்புக் குறைச்சல் என்று சொல்கிற மாதிரி. "அந்தக் கெழட்டு வண்டிய எவன் வாங்குவான்னு சொன்னேன். நீ தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருந்த, ஒன் வாய அடைக்கச் சொன்னேன். ஆயுசு பூரா பேரக்ஸு, குவாட்டர்ஸுன்னு அடுத்தவன் கூரைக்கடியில கெடந்தாச்சு. கடசியில ஒன் தங்கச்சி வீட்டு மாடிப்படிக்கடியில போயிக் கெடக்கணுமாக்கும்? எனக்கு முடியாது."

"அப்ப நான்?"

"அதான் போன்னுட்டேன்லா. யாரு ஒன்னப் பிடிச்சு வச்சிருக்கா?"

யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் டிராக்டர்தான் எங்களை இங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்து, அந்த இரும்போடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது என்ன பண்ணும், பாவம். நான் இல்லாவிட்டாலும் இந்த மனுஷருக்கு ஒரு குறையும் இல்லை. என்னோடு வருகிற எண்ணம் ஒரு நாளும் இருந்ததில்லை. கேட்டிருந்தால் போன வருஷமே இப்படிப் "போ" என்றிருப்பார். என்னோடு வாழ விருப்பமா என்று முப்பது வருஷம் கழித்து எந்தப் பொம்பிளை கேட்பாள்?

ஒரு வார்த்தை சொன்னால் ஓங்கி அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. உள்ளே போனேன். ஆணியில் தொங்கின கைப்பையை எடுத்தேன். மாத்திரை, வீசிங் பம்ப், போன் மூன்றும் அதில் இருந்தன. மற்றதெல்லாம் ஆஸ்டின் வந்து எடுத்துக்கொள்ளட்டும், எடுக்காவிட்டாலும் போகட்டும். வெளியே வந்து நிவ்ருத்திராவிடம், "என்னை ஸ்டேஷன்ல இறக்கிவிடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மட்கார்டு மேலிருந்த தூசியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, "உட்காருங்க தாயி, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். லோக்கல் பிடித்தால் பத்து மணிக்குள் பெட்டி வீட்டில் இருக்கலாம்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அப்போது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் இவர். குல்லா கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, "ருக்கோ, ருக்கோ", நில்லுங்க நில்லுங்க என்று ஓடி வருகிறார். என் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது! இத்தனைக்கும் பிறகு, வெட்கம் கெட்ட நெஞ்சு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடுவேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். இறங்கக் காலைக்கூட நகர்த்திவிட்டேன்.

இவர் மூச்சிரைக்க வந்து என் பக்கத்திலேயே நடந்தார். என் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி, ஸ்டியரிங் பிடித்திருந்த நிவ்ருத்திராவின் தோளைத் தொட்டார்.

"பாவ், ராத்திரி வெட்டவெளியில விட்டுராதீங்க" என்றார் இந்தியில். "கோணிச் சாக்கு நாலு போட்டு மூடிவைங்க. அது குளிர் தாங்காது."

"சரி, சரி" என்று நிவ்ருத்திராவ் தலையாட்டினார். இவர் பானட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் எதிர்க்காற்று சுள்ளென்று அடித்தது. நான் ஸ்வெட்டர் போடாமல் வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இவர் கவனிக்கவே இல்லை.